பேய்வீட்டின் கணக்கு வழக்கு

1989 டிசம்பர் 15 அன்று காப்காம் நிறுவனம், நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காக 'ஸ்வீட் ஹோம்' என்றொரு கேமை ஜப்பானில் வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் திரைக்கு வந்த கியோஷி குரொசாவாவின் திகில் படத்தைத் தழுவிய ஆர்பிஜி அது. ஜப்பானுக்கு வெளியே அந்த கேஸட்டை எந்த நிறுவனமும் அதிகாரபூர்வமாக விற்றதில்லை. இத்தனைக்குப் பிறகும் ஸ்வீட் ஹோமைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. வழிகாட்டி எழுதுகிறார்கள், வீட்டின் வரைபடம் போடுகிறார்கள், ஐந்து பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவருவது எப்படி என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள்.

ஸ்வீட் ஹோம் தனி ஒன்றல்ல. 'கூடெல்கா', 'கார்ப்ஸ் பார்ட்டி', 'யுமே நிக்கி', 'ஃபியர் அண்ட் ஹங்கர்' என்று ஒரு சிறு குடும்பமே இருக்கிறது. திகிலும் ஆர்பிஜியும் கலந்தவை; வெளிவந்தபோது பெரும்பாலோர் கண்ணில் படாதவை; ஆனால் கண்ணில் பட்டவர்களை விடாமல் பிடித்துக்கொண்டவை. அது ஏன் என்பதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, ஊருக்குத் தெரியாததை நான் அறிவேன் என்ற பெருமை. அது உண்டுதான். ஆனால் எண்பதுகளின் ஜப்பானியக் கணினிகளில் யாருமே அறியாத கேம்கள் மலைபோல் கிடக்கின்றன; அவற்றைச் சீந்துவார் இல்லை. இரண்டாவது, இளமை நினைவு. இது இன்னும் பலவீனமான காரணம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஸ்வீட் ஹோமைக் கொண்டாடுபவர்களில் அநேகமாக யாருமே சிறு வயதில் அதை ஆடியிருக்க முடியாது. மூன்றாவது, வம்சப் பெருமை: பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற 'ரெசிடென்ட் ஈவில்' தொடருக்கு ஸ்வீட் ஹோம்தான் மூதாதை. இது உண்மை. ஆனால் மூதாதையின் படத்தைப் பார்க்க ஒருமுறை வந்து போகிறவர்களுக்கே இந்தக் காரணம் பொருந்தும். வந்தவர்கள் ஏன் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதற்குப் பதில் கேமின் உள்ளேதான் இருக்கிறது.

ஆர்பிஜி என்ற வகை ஆடுபவருக்கு ஒரு வாக்கு கொடுக்கிறது. சண்டை போடு, அனுபவப் புள்ளி சேரும், லெவல் ஏறும், நேற்று உன்னை ஓடவிட்ட பூதம் நாளை உன் ஒரே அடியில் விழும். திகில் என்ற வகை இதற்கு நேரெதிரான வாக்கைக் கொடுக்கிறது: நீ பலவீனமானவன், கடைசிவரை பலவீனமானவனாகவே இருப்பாய். இரண்டையும் ஒரே கேமுக்குள் வைத்தால் ஏதாவது ஒன்று பொய்க்க வேண்டும். பெரும்பாலான கேம்களில் திகில்தான் பொய்க்கிறது. பத்து மணி நேரம் ஆடியதும் பேய் வெறும் இலக்காகிவிடும். நம் குடும்பத்து கேம்களோ ஆர்பிஜியின் வாக்கை மீறுகின்றன. அவை பரவலாக விற்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவற்றைப் பிடித்தவர்கள் விடாமல் இருப்பதற்கு அதுவே முதன்மையான காரணம்.

ஸ்வீட் ஹோமைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மாமியா இச்சிரோ என்ற ஓவியரின் பாழடைந்த மாளிகையில் உள்ள சுவரோவியங்களைப் படமெடுக்க ஐந்து பேர் கொண்ட தொலைக்காட்சிக் குழு வருகிறது. உள்ளே நுழைந்ததும் வாசல் அடைபடுகிறது. மாமியாவின் மனைவியுடைய ஆவி அந்த வீட்டை ஆள்கிறது. ஐவரிடமும் ஆளுக்கொரு கருவி இருக்கிறது. கசுவோவிடம் லைட்டர், மகள் எமியிடம் சாவி, அகிகோவிடம் மருந்துப் பெட்டி, அசுகாவிடம் வாக்யூம் கிளீனர், தகுச்சியிடம் கேமரா. பேய்வீட்டுக்குள் வாக்யூம் கிளீனரோடு போகும் கதாநாயகியை வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் தூசு படிந்த ஓவியத்தைத் துடைக்காமல் அதில் மறைந்திருக்கும் குறிப்பைப் படிக்க முடியாது, ஆகவே அவர் வேண்டும். கயிற்றைச் சாவி எரிக்காது, பூட்டை லைட்டர் திறக்காது.

ஒரு குழுவில் மூன்று பேருக்கு மேல் சேர முடியாது. எனவே ஐவரும் உயிரோடு இருக்கும்வரை குறைந்தது இரண்டு குழுக்கள் வீட்டின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும். சண்டையில் மாட்டிக்கொண்டவர் மற்றவர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டதும் திரை அடுத்த குழுவுக்கு மாறும். குறித்த நேரத்துக்குள் அவர்களை இருட்டு அறைகள் வழியாக ஓட்டிவந்து சேர்க்க வேண்டும். கையில் கொள்ளும் பொருள்களும் சிலவே. எதை எடுப்பது, எதைக் கீழே வைத்துவிட்டுப் போவது, வைத்த இடம் நினைவிருக்குமா என்ற கவலை ஓயாது. ஆர்பிஜிகளில் வழக்கமாக இருக்கும் கடையும் இல்லை, படுத்தெழுந்தால் உடம்பு தேறிவிடும் சத்திரமும் இல்லை. ஆங்காங்கே கிடைக்கும் மருந்துப் புட்டிகள்தான் கதி. மாதக் கடைசியில் மளிகைப் பணத்தை எண்ணிப் பார்ப்பவரின் நிலைதான் ஆடுபவருக்கு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மரணம். செத்தவர் செத்தவர்தான், உயிர்ப்பிக்க மந்திரமோ மருந்தோ கிடையாது. எமி செத்தால் சாவியும் போயிற்று. அதற்காக கேம் நின்றுவிடாது. பூட்டைத் திறக்க ஒரு கம்பி, வாக்யூம் கிளீனருக்குப் பதில் ஒரு துடைப்பம் என்று மாற்றுப் பொருள்கள் வீட்டுக்குள் எங்கோ கிடைக்கும். ஆனால் கம்பியும் துடைப்பமும் பைக்குள் இடத்தை அடைக்கும், சுமப்பதற்கு ஒரு ஆளும் குறைந்திருக்கும். அதாவது இழப்பு உடனே தண்டிப்பதில்லை. நடக்க நடக்கத் தவணை தவணையாக வசூலிக்கிறது. உயிர் தப்பியவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஐந்து விதமான முடிவுகள். நான் ஆடியபோது முதலில் பறிகொடுத்தது தகுச்சியை. ஒரு கேமராக்காரருக்காக எட்டுபிட் திரையின் முன் துக்கப்பட முடியும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இதை இயக்கியவர் தொகுரோ ஃபுஜிவாரா. 1985இல் 'கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்' என்ற, ஆடியவர்களை அழவைத்த ஆர்கேட் கேமைச் செய்தவர். ஃபேமிகாமின் வரம்புகளால் ஸ்வீட் ஹோமில் செய்ய முடியாமல் போனவற்றைப் புதிய பிளேஸ்டேஷனில் செய்துபார்க்க விரும்பி, ஷின்ஜி மிகாமியிடம் வேலையை ஒப்படைத்தார். அதுதான் 1996 மார்ச்சில் ரெசிடென்ட் ஈவிலாக வந்தது. அடைபட்ட மாளிகை, மெல்லத் திறக்கும் கதவுக் காட்சி, கொள்ளாத பை, செத்தவர்கள் எழுதிவைத்துப்போன குறிப்புகள், எல்லாம் பழைய வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாமான்கள். விட்டுச்சென்றதும் ஒன்று உண்டு: ஐந்து பேர் என்ற பொறுப்பு. ரெசிடென்ட் ஈவிலில் நீங்கள் செத்தால் சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவீர்கள். ஸ்வீட் ஹோமில் செத்தவரை விட்டுவிட்டு மேலே நடப்பீர்கள். முன்னதே மூதாதையைவிடப் பல மடங்கு நேர்த்தியான கேம். ஆனால் துக்கம் என்று ஒன்று பின்னதில்தான் உண்டு.

எண்களால் பயமுறுத்தும் கலை ஃபுஜிவாராவுக்கும் முந்தையது. 1981இல் கேயோசியம் வெளியிட்ட, சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுல்ஹு' மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடுவது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனத்தெளிவு என்று ஒரு மதிப்பெண் உண்டு; கொடூரங்களைப் பார்க்கப் பார்க்க அது குறையும். பீட்டர்சன் கூடவே ஒரு கண்ணியும் வைத்தார். அந்தக் கொடூரங்களுக்குப் பின்னால் இருக்கும் பழந்தெய்வங்களைப் பற்றிய அறிவு எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்கு மனத்தெளிவின் உச்சவரம்பே கீழிறங்கும். மற்ற ஆர்பிஜிகளில் அறிவு ஆயுதம். இங்கே அறிவே நோய். பின்னால் வந்த திகில் ஆர்பிஜிகள் பலவும் இந்த ஒற்றை விதிக்குக் கடன்பட்டவை.

கூடெல்கா விஷயத்தில் சண்டை கேமுக்குள் மட்டும் நடக்கவில்லை. 1999இல் பிளேஸ்டேஷனுக்கு நான்கு டிஸ்க்குகளில் வந்த இதை உருவாக்கியது சாக்னாத். அதை நிறுவிய ஹிரோகி கிகுதா, 'சீக்ரெட் ஆஃப் மானா' இசையால் பெயர் பெற்றவர். கதை 1898இல், வேல்ஸின் அபெரிஸ்ட்வித் அருகே உள்ள ஒரு மடாலயத்தில் நடக்கிறது. ஆவிகளோடு பேசும் கூடெல்கா, துடுக்கான எட்வர்ட், வயதான பாதிரி ஜேம்ஸ் ஆகிய மூவரும் விசுவாசம், பாவம், பணம் என்று ஒருவரை ஒருவர் குதறிக்கொள்வதைக் கேட்பதற்காகவே ஆடலாம். அந்தக் காலத்து கேம்களில் அப்படி ஒரு நடிப்பு அரிது. சண்டைகளை ரெசிடென்ட் ஈவில்போல ஓட்டத்தோடு அமைக்க நினைத்தார் கிகுதா. உடன் இருந்தவர்கள் பழகிய கட்டம் போட்ட, முறைவைத்து அடிக்கும் பாணியைவிட்டு வரவில்லை. விளைவு, கண்ணுக்கு ஒரு கேம், கைக்கு இன்னொரு கேம். கேம் வந்த கையோடு கிகுதா நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். அதன் மிச்சத்திலிருந்து 2001இல் 'ஷேடோ ஹார்ட்ஸ்' பிறந்து, முன்னோடியைவிட நல்ல பெயர் வாங்கியது.

கூடெல்காவின் சண்டைகள் ஆமை வேகம்தான். அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அங்கேயும் அதே கணக்கு வேலை செய்கிறது. ஆயுதங்கள் பயன்படுத்தப் பயன்படுத்த உடையும். நல்ல வாளைச் சில்லறைப் பேய்களிடம் செலவழிப்பதா, பெரியதுக்கு வைத்துக்கொள்வதா என்று கை தயங்கும். இறுதிச் சண்டையில் தோற்றாலும் கதை நின்றுவிடாது. தோல்விக்கென்றே ஒரு முடிவை எழுதிவைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் அந்த முடிவைத்தான் அதிகம் பேசுகிறார்கள்.

தொண்ணூறுகளில் ஜப்பானில் இன்னொரு கதவு திறந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் ஆர்பிஜி செய்யலாம் என்று வந்த 'ஆர்பிஜி மேக்கர்' வரிசைக் கருவிகள்தான் அது. அதில் ஒன்றைக் கொண்டு 1996இல் பிசி-98 கணினிக்கு மகோதோ கெதோயின் செய்தது கார்ப்ஸ் பார்ட்டி. இடிந்த பள்ளிக்கூடத்தில் சிக்கிய மாணவர்களின் கதை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதையே விரித்து மறுபடி எழுதினார்கள். அது பிஎஸ்பிக்குப் போய், 2011இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. இந்தக் கருவிகள் மேற்கே போன விதமும் கவனிக்கத்தக்கது. நிறுவனம் விற்பதற்கு முன்பே ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் ஆர்பிஜி மேக்கர் 2000ஐ அனுமதியின்றி மொழிபெயர்த்துப் பரப்பிவிட்டார். அது சட்டப்படி குற்றம்தான். ஆனால் ஒரு தலைமுறைக் கேம் படைப்பாளிகள் அந்தத் திருட்டுப் பிரதியில்தான் எழுத்துக் கூட்டினார்கள்.

2004இல் கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் யுமே நிக்கியை இலவசமாக வெளியிட்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மதோத்சுகி என்ற சிறுமி அறையைவிட்டு வெளியேற மறுக்கிறாள். படுத்து உறங்கி, கனவுகளுக்குள் நடக்கிறாள். ஆர்பிஜிக்கான கருவியில் செய்யப்பட்டது என்றாலும் லெவல் இல்லை, உரையாடல் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்வாரும் இல்லை. கனவுக்குள் ஒரு வீட்டில் விளக்கு ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அதை அணைத்தால் 64இல் ஒரு முறை மட்டுமே அறை மாறி, வெளுத்த முகம் ஒன்று வந்து நிற்கும். ரசிகர்கள் அதை உபோவா என்று அழைக்கிறார்கள். கேம் அதைப் பற்றி ஒரு சொல் விளக்கவில்லை. அந்த மௌனத்தை நிரப்பக் கிளம்பிய விளக்கங்களுக்கு அளவில்லை. பெரும்பாலும் மிகைதான், பாத்திரத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மனநோய்ப் பெயர் ஒட்டும் வகையறா. ஆனால் சும்மா இருக்கவில்லை ரசிகர்கள்: 2007இல் தொடங்கி 'யுமே 2கி' என்ற பெயரில் பல கைகள் சேர்ந்து அந்தக் கனவை நீட்டிக்கொண்டே போகிறார்கள். முதற்கேமைவிட அது பல மடங்கு பெரிதாகிவிட்டது.

இழப்பின் கணக்கை இரக்கமில்லாமல் கடைசிவரை கொண்டுபோனது 2018இல் ஃபின்லாந்தின் மிரோ ஹாவெரினென் செய்த ஃபியர் அண்ட் ஹங்கர். நிலவறைக்குள் போகிறீர்கள். சண்டையில் வென்றால் அனுபவப் புள்ளி கிடையாது. ஆகவே சண்டையே நஷ்ட வியாபாரம். ஓடி ஒளிவதே அறிவு. எதிரியின் கை, கால், தலை என்று தனித்தனியாக வெட்டலாம். எதிரியும் அதையே உங்களுக்குச் செய்யலாம். போன கை திரும்ப முளைக்காது. இரு கைகளும் வேண்டிய ஆயுதம் இனி உங்களுக்கில்லை. பசி ஏறுகிறது, பந்தம் அணைகிறது. முக்கியமான தருணங்களில் கேம் ஒரு நாணயத்தைச் சுண்டித் தலையா பூவா என்று கேட்கும். படுக்கையில் படுத்து சேவ் செய்வதற்கும் சில வேளை நாணயம் சுண்ட வேண்டும் என்பது ஆர்பிஜி உலகில் பெரிய அபசாரம். சில ஆண்டுகள் சீந்துவாரற்றுக் கிடந்து, 2022க்குப் பின் யூடியூபில் வந்த நீண்ட விமர்சனக் காணொளிகளால் திடீரென்று பிரபலமாயிற்று. அதில் பாலியல் வன்முறையும் சித்திரவதையும் நிரம்பியிருக்கின்றன. கதைக்கு அவசியம் என்று ரசிகர்கள் சொல்வதில் பாதியை நான் ஏற்கவில்லை. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய கேம் அல்ல.

ஆக, இந்த கேம்களின் பயம் முதல் ஆட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. எந்தக் கதவுக்குப் பின்னால் எது நிற்கிறது என்று தெரிந்த பிறகு திடுக்கிடல் ஏது? தீராதது கணக்கு. யாரை இழந்தோம், எதைச் செலவழித்தோம், எந்த முடிவைப் பெற்றோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஒரே கேமை ஆடிய இரண்டு பேருக்கு இரண்டு துயரக் கதைகள் கைவசம் இருக்கும். இருவர் சந்தித்தால் பேச்சு வளராமல் என்ன செய்யும்?

பேச்சுக்கு அடுத்தது உழைப்பு. ஸ்வீட் ஹோமை ஆங்கிலத்தில் ஆட முடிவதே, 2000ஆம் ஆண்டு வாக்கில் ரசிகர்கள் ஊதியமின்றிச் செய்த மொழிபெயர்ப்பால்தான். தமிழ்நாட்டில் உட்கார்ந்து நானும் அந்தப் பிரதியைத்தான் ஆடினேன். பழைய கேஸட்டில் எழுத்துகள் எழுத்துகளாக இருப்பதில்லை. படத்துண்டுகளுக்கான எண்களாக இருக்கும். எந்த எண் எந்த ஜப்பானிய எழுத்து என்று முதலில் அட்டவணை போட வேண்டும். ஜப்பானியத்தில் நாலைந்து எழுத்தில் முடிவது ஆங்கிலத்தில் இரண்டு மடங்கு இடம் கேட்கும்; கேஸட்டிலோ இடம் இல்லை. ஒரு வாக்கியத்தை நகர்த்தினால் அதைச் சுட்டும் முகவரிகளையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது சம்பந்தமில்லாத வசனம் வந்து விழும். முடிவில் முழு கேமையும் பரப்பாமல், மாற்றிய பகுதிகளை மட்டும் பேட்சாக வெளியிடுவார்கள். சட்டத்தின் விளிம்பில் நிற்பதற்கு அவர்கள் கண்டுகொண்ட வழி அது. அதிகாரபூர்வ மறுவெளியீட்டுக்குக் காத்திருப்பதிலும் பயனில்லை. கேமின் மூலமான படத்தின் வீடியோ வெளியீடு தொடர்பாக இயக்குநர் குரொசாவாவுக்கும் தயாரிப்பாளர் ஜூஸோ இதாமிக்கும் இடையே வழக்கே நடந்தது. படத்தின் நிலை இப்படி என்றால், அதை ஒட்டிப் பிறந்த கேமுக்கு மறுவெளியீடு எளிதில் வாய்க்குமா?

உழைப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, இந்தக் குடும்பத்தின் பணக்கார உறவினரான 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' சாட்சி. 'ஃபால்அவுட்' படைத்தவர்களில் மூவர் தொடங்கிய ட்ராய்கா நிறுவனம் செய்தது. 2004 நவம்பர் 16 அன்று, 'ஹாஃப்-லைஃப் 2' வெளியான அதே நாளில் வெளியாகி, கண்டுகொள்ளப்படாமல் போயிற்று. பிழைகள் மலிந்திருந்தன, ஆட்டம் பாதியில் உறைந்து நின்றுபோனதாகப் பலர் புலம்பினார்கள். சில மாதங்களில், 2005 பிப்ரவரியில், நிறுவனமும் இழுத்து மூடப்பட்டது. ஆனால் அதில் ஓஷன் ஹவுஸ் என்ற ஹோட்டல் பகுதி இருக்கிறது. நீங்கள் ரத்தக் காட்டேரி, நகரமே உங்களைக் கண்டு அஞ்ச வேண்டும். அந்த ஹோட்டலுக்குள் அடிப்பதற்கு எதிரி ஒருவர்கூட இல்லை, ஆகவே சேர்த்துவைத்த பலம் எதற்கும் உதவாது. விளக்கு வெடிக்கிறது, சட்டி பானை பறக்கிறது, படிக்கட்டு இடிந்து விழுகிறது. ஆர்பிஜியின் வாக்கைச் சிறிது நேரத்துக்கு மட்டும் வாபஸ் வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனம் செத்த பிறகு கேமைப் பராமரிப்பது ரசிகர்கள்தான். ஜெர்மனியைச் சேர்ந்த வேதியியலாளர் ஒருவர் இன்னொருவரிடமிருந்து பொறுப்பை ஏற்று, ஆண்டுக்கணக்கில் அதிகாரபூர்வமற்ற பேட்ச்சை மெருகேற்றிவருகிறார். அதை நிறுவும்போது இரண்டு வழிகள் காட்டும். பேசிக் என்பது பிழைகளை மட்டும் திருத்துவது. பிளஸ் என்பது ட்ராய்கா முடிக்காமல் கைவிட்ட காட்சிகளையும் பாத்திரங்களையும் கோப்புகளுக்குள் தேடியெடுத்து ஒட்டவைப்பதோடு, சில விதிகளையும் மாற்றுவது. ஒட்டவைத்தவை படைப்பாளிகள் விரும்பியவையா, வேண்டாமென்று ஒதுக்கியவையா என்ற வழக்கு ரசிகர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. பராமரிக்கிறவர் எந்தக் கட்டத்தில் இணையாசிரியர் ஆகிறார் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும். முதல்முறை ஆடுகிறவர் பேசிக்கையே போட்டுக்கொள்வது நல்லது. ட்ராய்கா அவசரத்தில் விட்ட ஓட்டைகளும், கேமின் கடைசிப் பகுதியில் கதை மெலிந்து வெறும் சண்டையாகிவிடுவதும் அப்போதுதான் அப்படியே கண்ணுக்குத் தெரியும். பிளஸ்ஸை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.